முழங்கால் ஆழக் கடல்

திருப்பதியில் எல்லாம் உண்டு, கடல் மட்டும்தான் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. 1911இல் உருவான பழைய சித்தூர் மாவட்டம் மலைகளும் மாந்தோப்புகளும் நிறைந்த உள்நாட்டு மாவட்டம். உப்புக் காற்று வேண்டுமென்றால் நெல்லூர் பக்கமோ சென்னை பக்கமோ போக வேண்டும். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர அரசு தன் மாவட்டங்களைக் கலைத்து அடுக்கியபோது நிலைமை மாறியது. அதுவரை நெல்லூரில் இருந்த சூலூர்பேட்டையும் தடாவும் புதிய திருப்பதி மாவட்டத்தில் வந்து சேர்ந்தன. ஏழுமலையான் ஊருக்கு ஒரே நாளில் ஓர் உப்பேரி, சில தீவுகள், ஒரு ராக்கெட் தளம், பல்லாயிரம் பறவைகள் வரவு வைக்கப்பட்டன.

தரிசனம் முடித்தவர்களுக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு: ரயிலுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, என்ன செய்வது? காளஹஸ்தி, காணிப்பாக்கம், திருச்சானூர், சந்திரகிரிக் கோட்டை என்று பழைய பட்டியல் ஒன்று தயாராக இருக்கிறது. அதன் அடியில் இப்போது புதிதாக ஒரு வரி: பழவேற்காடு ஏரியில் அரை நாள் படகுச் சவாரி. ஆந்திரத்தில் புலிகாட் என்றும் தமிழகத்தில் பழவேற்காடு என்றும் அழைக்கப்படும் இந்த ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 60 கி.மீ. நீளம். இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு முனைதான் தமிழகத்தில்.

தீவு, படகு என்றதும் மனதில் எழும் சித்திரம் பெரும்பாலும் சுற்றுலாக் காலண்டரிலிருந்து வந்தது. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு பவளப் பாறைகளுக்கு மேல் மிதக்கும் மனிதர். ஸ்நார்க்லிங் எனப்படும் அந்த வேடிக்கைக்கு இந்தியாவில் இடங்கள் இருக்கின்றன. அந்தமானில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹாவ்லக், லட்சத்தீவுகள், கர்நாடகத்தில் முருடேஸ்வரம் அருகே நேத்ராணி. பாக் நீரிணையைக் கடந்தால் திரிகோணமலைக்கு அருகே புறாத்தீவு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் தெளிந்த நீர். பவளம் உயிரோடு இருக்கச் சூரிய ஒளி கடலடி வரை இறங்க வேண்டும். சேறு படிந்தால் பவளம் மூச்சுத் திணறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருப்பதற்கும் அதுதான் காரணம். அவை 1986 முதல் தேசியக் கடல் பூங்கா.

பழவேற்காட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டால் தெரிவது ஒன்றே ஒன்று: பழுப்பு நிறம். கையை நீட்டினால் விரல் நுனி தெரியாத இடங்கள் உண்டு. நீந்த நினைத்தால் முழங்கால் தரையில் தட்டும். ஏரியின் பல பகுதிகளில் ஆழம் அவ்வளவுதான். ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கலங்கலும் அந்த ஆழமின்மையும்தான் இந்த ஏரியின் முழுச் சொத்து. அது புரிந்துவிட்டால் அரை நாள் வீண் போகாது. புரியாமல் போனவர்கள், ஆட்சியில் இருந்தவர்கள் உட்பட, ஏரிக்குச் செய்த சேதம் கொஞ்சமல்ல.

திருப்பதியிலிருந்து இருட்டோடு கிளம்புவது நல்லது. காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால், சூலூர்பேட்டைக்கு முன்பே தொரவாரிசத்திரம் வரும். அங்கிருந்து உள்ளே போனால் நேலப்பட்டு. 1976 முதல் சரணாலயம். 459 ஹெக்டேருக்குள் அடங்கும் சிறிய இடம். ஏரித் தண்ணீரில் நின்றபடியே வளரும் நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அலகில் புள்ளிகள் கொண்ட இந்தக் கூழைக்கடா இனத்துக்குத் தென்னிந்தியாவின் முக்கியமான பிரசவ விடுதிகளில் நேலப்பட்டும் ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு கூடு கட்டத் தொடங்கும். குஞ்சுகள் பறக்கக் கோடை நெருங்கிவிடும்.

நேலப்பட்டில் நிற்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். பெரிய பறவைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே திசையில் போகின்றன, அதே திசையிலிருந்து திரும்பி வருகின்றன. கிழக்கே சில கிலோமீட்டரில் பழவேற்காடு. பிள்ளை பெறுவது இங்கே, சந்தை அங்கே. குஞ்சுகளுக்குத் தேவையான மீனில் பெரும் பங்கு அந்த உப்பேரியிலிருந்து வருகிறது. நேலப்பட்டின் மரங்களுக்கு எவ்வளவு வேலி போட்டாலும், பழவேற்காட்டில் மீன் குறைந்தால் இங்கே கூடு காலியாகும். சரணாலயத்தின் எல்லைக்கல் பறவைக்குத் தெரியாது.

அடுத்து சூலூர்பேட்டை. ஊரின் காவல் தெய்வம் செங்காளம்மா. ராக்கெட் ஏவுவதற்கு முன் விண்வெளி விஞ்ஞானிகள் இந்தக் கோயிலில் வணங்கிவிட்டுப் போவது வழக்கம், திருமலைக்கும் போவார்கள். ஊரிலிருந்து கிழக்கே ஏரியின் குறுக்காக ஒரு சாலை நேர்கோடு போட்டது போல் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறது. இருபுறமும் நீர். பருவத்தில் வந்தால் காரை விட்டு இறங்காமலே பூநாரைகளைப் பார்க்கலாம். எதிரே வங்காள விரிகுடாவை மறைத்துக்கொண்டு கிடக்கும் நீண்ட மணல் திட்டுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது இந்தத் தீவு. ஒரு காலத்தில் சென்னையின் அடுப்புகளுக்கு இங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகு படகாக விறகு போனது. 1971 அக்டோபர் 9இல் முதல் ரோகிணி ராக்கெட் இங்கிருந்து கிளம்பியது. 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3.

படகுக்கு இன்னும் தெற்கே, தடாவை ஒட்டிய பீமுலவாரிபாளையம் போக வேண்டும். துறையை விட்டுக் கிளம்பியதும் என்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்காது. படகோட்டி அடிக்கடி வேகத்தைக் குறைப்பார், வளைவார், சில இடங்களில் என்ஜினைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியை ஊன்றுவார். கண்ணுக்குக் கடல் மாதிரி விரிந்திருக்கும் நீரில், படகு போகக்கூடிய பாதை ஒரு வாய்க்கால் அளவுதான். அந்தப் பாதை எந்த மாதத்தில் எங்கே ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஆற்று வெள்ளமும் கடல் நீரும் மணலும் சேர்ந்து அதை ஆண்டுதோறும் மாற்றி வரைகின்றன.

பறவைகள் தெரிய ஆரம்பிப்பது ஓரங்களில். வலைக்கம்புகளின் மேல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் ஆலாக்களும் நீர்க்காகங்களும். சேற்றுத் திட்டுகளில் கருவால் மூக்கன்கள் கூட்டமாகத் தரையைத் தைத்துக்கொண்டிருக்கும். வடக்கின் குளிருக்குத் தப்பி வந்தவை. அகப்பையை ஒட்டவைத்தது போன்ற அலகை நீரில் இடவலமாக வீசியபடி நடக்கும் கரண்டிவாயன்கள். ஊசிவால் வாத்துகள் தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதற்கும் அப்பால், முதலில் உப்பளத்தின் வெண்மை போலவும் பிறகு லேசான ரோஜா நிறம் போலவும் தெரியும் நீண்ட பட்டைதான் பூநாரைகள். தெலுங்கில் ராஜஹம்ஸம் என்கிறார்கள்.

நாலடிக்கு மேல் உயரம் நிற்கும் இந்தப் பறவையின் சாப்பாட்டு முறை விசித்திரமானது. தலையைத் தலைகீழாகத் திருப்பி, வளைந்த அலகை நீரில் அமிழ்த்தி, நாக்கை பம்பு மாதிரி இயக்கி நீரையும் சேற்றையும் உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு. நீர் வெளியேறும், நுண்ணிய இறால்களும் பாசிகளும் சிறு சிப்பிகளும் உள்ளே தங்கும். இறகின் சிவப்பும் அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவதுதான். பாசியிலும் இறாலிலும் உள்ள நிறமிகள் பறவையின் உடலில் சேர்ந்து இறகில் ஏறுகின்றன. ஆக, பயணி முகம் சுளித்த அந்தக் கலங்கல் நீர்தான் அவர் படம் எடுக்க ஆசைப்படும் ரோஜா நிறம்.

இதற்கு நீர் ஆழமாக இருக்கக் கூடாது. பூநாரை நடந்து மேய்வது. கால் தரையில் ஊன்ற வேண்டும். புயல் மழையில் ஏரி அளவுக்கு மீறி நிரம்பினால் வேறு இடம் தேடிப் போய்விடும். வற்றிப் போனாலும் போய்விடும். முழங்காலுக்கு மேலும் வேண்டாம், கணுக்காலுக்குக் கீழும் வேண்டாம். இந்தியாவில் இந்தப் பறவை பெருமளவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். அங்கிருந்து இவ்வளவு தூரம் வருவது காட்சி கொடுக்க அல்ல. அந்த ஓரடி, ஒன்றரை அடி நீருக்காக.

படகு இரக்கம் தீவை நெருங்கும்போது இன்னொரு விஷயம் தெரியவரும். கரையில் நிற்பவர்களின் பேச்சு பலருக்குப் புரியும். நிலம் ஆந்திரம், வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும், பிறகு எல்லைத் தகராறுகள் தீர்க்கப்பட்டபோதும், கோடு நீரின் மேல் போனது. மொழி கரையில் நின்றுவிட்டது. வரும் பயணிக்குத் தீவு என்பது அரை நாள் காட்சி. தீவில் இருப்பவர்களுக்குப் படகு என்பது பஸ். மளிகைச் சாமானுக்கும் மேல்படிப்புக்கும் பிரசவ வலிக்கும் அதே நீரைத்தான் தாண்ட வேண்டும். ஒரே படகில் ஒருவர் பொழுது போக்குகிறார், பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நீர் குறைந்து படகு தரை தட்டும் மாதங்களில் முதலாமவர் புகார் சொல்லலாம். இரண்டாமவர் இறங்கித் தள்ள வேண்டும்.

ஏரியை நம்பி வாழும் மீனவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வதற்கு நெடுங்கால ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். தமிழகப் பகுதியில் அதற்குப் பாடு என்று பெயர். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிக் குலுக்கல் போட்டு முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாமல் சுற்றி வரும். வலையோ படகோ இல்லாத யானாதிகளும் இருளர்களும் இடுப்பளவு நீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் பூநாரைக்கும் தேவை ஒன்றுதான். ஆழம் குறைந்த, ஆனால் உயிருள்ள நீர்.

உயிர் எங்கிருந்து வருகிறது? முகத்துவாரத்திலிருந்து. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, சேற்றிலும் புல்லிலும் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் அப்படித்தான். தெற்கே ஆரணி ஆறு, மேற்கே காளங்கி, வடக்கே காளஹஸ்தியைத் தொட்டு வரும் ஸ்வர்ணமுகி ஆகியவை மழைக்காலத்தில் நன்னீர் கொண்டு வருகின்றன. கடல் முகத்துவாரம் வழியாக உப்பு நீர் தருகிறது. இரண்டும் கலந்தால்தான் ஏரி. வாய் அடைபட்டால் கோடையில் நீர் ஆவியாகி, மிஞ்சுவது கடலைவிட அதிகமாகக் கரிக்கும். பிறகு அதுவும் வற்றி உப்புப் படிந்த களிமண் வெடிக்கும். வட பகுதியில் பல கோடைகளில் அதுதான் காட்சி. படகு கட்டிய கம்பு நிற்கும், படகுக்கு நீர் இருக்காது.

முகத்துவாரங்கள் ஏன் அடைகின்றன? இந்தக் கரையில் கடல் ஆண்டு முழுதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் இருந்தால் அது மணலை அறுத்துக்கொண்டு வழி செய்யும். ஆறுகளில் அணைகளும் தடுப்பணைகளும் வந்து வெள்ளம் குறைந்தபோது, அறுக்கும் பலமும் குறைந்தது. ஆந்திரப் பகுதியின் ராயதொருவு முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தமிழகப் பகுதியில் முகத்துவாரம் மூடாமல் இருக்க இருபுறமும் கற்களால் தூண்டில் வளைவு கட்டும் திட்டத்தை அரசு எடுத்துக்கொண்டது. கல் கொட்டினால் ஓரிடத்தில் தேங்கும் மணல் வேறோர் இடத்தில் கரையை அரிக்கும் என்பதும் இந்தக் கடற்கரை கற்ற பாடம்தான். தூர்வாருவது ஆண்டுச் செலவு. கட்டுவது ஒரு முறைச் செலவு, ஆனால் பக்க விளைவு உண்டு. இரண்டில் எது என்ற விவாதம் நடக்கும் ஒவ்வொரு கோடையிலும் ஏரி கொஞ்சம் மேடாகிறது.

ராக்கெட்டுக்குப் போகும் சாலையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. நாட்டுக்குத் தேவையான சாலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஏரியை வடக்கு தெற்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. சாலைக்கு அடியில் நீர் போகும் வழிகள் போதவில்லை என்பது சூழலியலாளர்களின் பழைய குறை. தெற்கே பழவேற்காட்டு வாய் வழியாக வரும் கடல் நீர் சாலையைத் தாண்டி வடக்கே போகத் திணறுகிறது. நிலவுக்கு வழி கண்டவர்களுக்கு நீருக்குச் சில வழிகள் விடுவது பெரிய காரியமாக இருக்காது. இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: பாதுகாப்புக் கருதிப் பொதுமக்களை உள்ளே விடாததால்தான் ஸ்ரீஹரிகோட்டாவின் காடு இன்னும் காடாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் வந்தது இறால் பண்ணை மோகம். டாலர் கனவில் கரையோர வயல்கள் குளங்களாயின. கழிவு நீர் ஏரிக்கும் கடலுக்கும் வந்தது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு இரண்டே ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: சிலிகாவும் பழவேற்காடும். அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வேறு வழி திறந்தது. அரசியல் மாறும், சட்டம் மாறும். கலங்கல் நீருக்கும் கழிவு நீருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. ஒன்று உணவு, மற்றது விஷம்.

இனி படகில் ஏறுபவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி. முழங்கால் ஆழத்தில் யார் மூழ்கப் போகிறார்கள்? 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் விடுமுறை கொண்டாட வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. குழந்தைகளும் பெண்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன் பிடிக்கக் கட்டிய படகு, அளவுக்கு மேல் ஆட்கள், உயிர்காப்பு உடை இல்லை. தமிழகப் பகுதியில் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். ஏரி ஆழமற்றது என்பது பாதி உண்மை. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் அறுத்த பள்ளங்கள் உண்டு. அங்கே கடல் ஏரியைத் தள்ளும், ஏரி கடலைத் தள்ளும்.

இது இந்த ஏரியின் கதை மட்டுமல்ல. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் யானை பார்க்கப் போன படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2019 செப்டம்பர் 15இல் கோதாவரியில் கச்சுலூர் அருகே படகு மூழ்கி 40க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் 22 பேர். ஒவ்வொரு முறையும் விசாரணை, தடை, சில மாதத் தீவிரம், பிறகு மறதி. தேக்கடிப் பயணிகள் விலங்கைப் பார்க்க ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. பறவை பார்க்கும் படகிலும் அதே ஆபத்து உண்டு: யாரோ ஒருவர் கை நீட்டியதும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். உயிர்காப்பு உடை நாற்றமடிக்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்பவர்கள் கரையிலேயே நின்றுகொள்வது உத்தமம். அனுமதி பெற்ற துறை, அளவான ஆட்கள், உட்கார்ந்தபடி பார்வை: இந்த மூன்றும் இல்லையென்றால் படகே வேண்டாம். சூலூர்பேட்டைச் சாலையிலிருந்தே பறவைகள் தெரியும்.

2025 ஜனவரியில், சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, சூலூர்பேட்டையில் மூன்று நாள் பூநாரைத் திருவிழா மீண்டும் நடந்தது. கலை நிகழ்ச்சி, அரங்குகள், நேலப்பட்டுக்கும் பீமுலவாரிபாளையத்துக்கும் கூட்டம். திருவிழாவால் நன்மை உண்டு. தன் ஊருக்கு வரும் பறவையின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். கடைக்காரருக்கும் படகோட்டிக்கும் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் பறவைக்கு ஒலிபெருக்கி பிடிக்காது. பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று மேலெழ முடியாத பறவை. நீரில் சில அடி ஓடித்தான் பறக்க வேண்டும். படகு கிட்டே போய் எழுப்பிவிட்டால் ஆயிரம் சிறகுகள் ஒன்றாக விரிந்து கறுப்பும் சிவப்பும் மின்னும். கண்கொள்ளாக் காட்சிதான். அதற்கான செலவை ஏற்பது பறவை. பகலெல்லாம் சேற்றை வடிகட்டிச் சேர்த்த சக்தி, ஒரு போட்டோவுக்காக எரிந்து போகிறது. நாள் ஒன்றுக்குப் பத்துப் படகு வந்து பத்து முறை எழுப்பினால், அந்த ஏரி அதற்குக் கட்டுப்படியாகாது. வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

நல்ல படகோட்டிகள் தூரத்திலேயே என்ஜினை நிறுத்திவிடுவார்கள். கிட்டே போகச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டும் பயணிகள்தான் அவர்களைக் கெடுப்பவர்கள். ஒரு பைனாகுலர் அந்தப் பணத்தைவிட நல்ல முதலீடு. போகும் காலம் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் நீர் அசையாமல் கிடக்கும், வெயில் பின்னால் வராது. பகல் ஏறினால் கானல் எழுந்து பறவைகள் நெளியும் கோடுகளாகிவிடும். பளிச்சென்ற உடையும், உரத்த பாட்டும், கரையில் விட்டு வரும் பிளாஸ்டிக்கும் தேவையில்லை. திரும்பும்போது துறையில் இறாலோ நண்டோ வாங்கினால், அந்த ஏரி உயிரோடு இருப்பதில் இன்னும் ஒருவருக்கு லாபம் சேர்கிறது.

மாவட்ட எல்லையை மாற்றி எழுத அரசுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. திருப்பதிக்குக் கிடைத்த இந்தக் கடல் எல்லையால் வந்ததல்ல, முகத்துவாரத்தால் வந்தது. அது திறந்திருக்கும் வரை இறால் வரும், இறால் இருக்கும் வரை பூநாரையும் மனிதர்களும் ஒரே சேற்றில் குனிந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். அடைபட்டுவிட்டால் நேலப்பட்டின் கூடுகளுக்கு மீன் இருக்காது, இரக்கத்துக்குப் படகு இருக்காது, அரை நாள் சவாரிக்கு ஏரியே இருக்காது. ஏரிக்குப் போகும் பயணிகள் தண்ணீர் ஏன் இவ்வளவு கலங்கல் என்று கேட்பதை விட்டு, இந்த வருஷம் வாய் திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். படகோட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பதில் சொல்ல அவரிடம் நிறைய இருக்கிறது.